பதினாறுதான் இருந்தது

பிப்ரவரி 20

தம்பிக்கு,

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே. இந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் உன் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் சமையலறையில் நின்று உன்னோடு பேசினால் ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழும். எழுதினால் விழாது.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பதினொரு நாளாக ஆளாளுக்கு ஒன்று சொல்லி எனக்கே எது முன்னே எது பின்னே என்று குழம்பிவிட்டது. ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மதியத்துக்கு முன்னால். உன் மாமா கிரேன் மேலே கூண்டில் இருந்தார். கான்கிரீட் ஊற்ற அடைப்பாக வைக்கிற பெரிய ஷட்டரிங் பலகை ஒன்றைத் தூக்கி எட்டாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். காற்று அடித்தது. பலகை சுழன்று கீழே சிக்னல் காட்டிக்கொண்டிருந்தவரை அடித்தது. நாம் ‘விசில்’ என்று கூப்பிடுவோமே, அவர்தான். ஒன்பது வருடமாகக் கீழே நின்று விசில் ஊதி இவருக்கு வழிகாட்டியவர். ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார்.

கூண்டுக்குள் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறதாம், காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று. காற்றை அளக்கிற மீட்டரின் உள்நினைவில் அந்த நேரத்துக்கு 57.6 என்று பதிவாகியிருக்கிறது. மீட்டரில் கோளாறு இல்லை, ஆள் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். இவரும் விசாரணை அதிகாரியிடம் "பார்க்கலைங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதையே ஒரு தாளில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். மார்ச் 19, வியாழக்கிழமை, அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் லைசென்ஸ் போகும். வழக்கு இவர் ஒருவர் மேல் நிற்கும். சாவுக்கு இவர்தான் காரணம் என்று ஆகும்.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "பதினாறுதான் இருந்துச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டாலும் கிணற்றில் போட்ட கல்.

இந்த மாதிரி மீட்டர்களைச் சரிபார்க்கிற லேப்பில்தானே நீ இருக்கிறாய். கண்ணுக்குப் பதினாறு காட்டி, உள்ளே ஐம்பத்தேழு என்று எழுதிவைக்குமா ஒரு மீட்டர்? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நீ இன்னும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதை இப்போது கேட்கவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். துணி துவைக்கிறேன். துவைத்த துணியையே மறுபடி எடுத்து நனைக்கிறேன் என்று உன் மருமகள் சொன்னாள். அழுகை வரவில்லை. வந்தால் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் வர முடியவில்லை. லேப்பில் ஆள் குறைவு. இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவன் செய்கிறேன்.

நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. வேகத்தை அளக்கப் பல அலகுகள் இருக்கின்றன. சாலையில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானம் ஓட்டுகிறவர்களும் நாட் என்பார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. சில ஊர்களில் மைல். எங்களைப் போல ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவர்கள் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் வேகம் வேறு, திசைவேகம் வேறு. வேகம் என்றால் எவ்வளவு என்பது மட்டும். திசைவேகம் என்றால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று இரண்டும் சொல்ல வேண்டும். காற்றைப் பொறுத்தவரை இரண்டும் முக்கியம்.

மீட்டர்கள் பொதுவாகத் தவறு செய்வதில்லை. மனிதக் கண் செய்யும். சில மீட்டர்களில் அதே திரையில் வெப்பநிலையும் மாறி மாறி வரும். மாமா பார்த்த பதினாறு அதுவாக இருக்கலாம். நான் உறுதியாகச் சொல்லவில்லை, இருக்கலாம் என்கிறேன்.

மாமா கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால் போடட்டும் அக்கா. லைசென்ஸை இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி வாங்க முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இழுத்தடித்தால் அவர் உடம்புதான் கெடும்.

மருமகளைப் படிப்பில் கவனமாக இருக்கச் சொல். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

மூக்கைத் தொடச் சொன்னால் தலையைச் சுற்றித் தொடுகிறாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, கண்ணாடி எப்படித் தயாரிக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தவன் நீ.

வெப்பநிலையாம். அன்று மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாத வெயில். அந்த வெயிலைப் பதினாறு டிகிரி என்று எந்த மீட்டராவது காட்டினால் அதைக் குப்பையில் போடச் சொல்.

சனிக்கிழமை உன் மருமகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம்தான் நடக்கிறது. நொடிக்குப் பத்து மீட்டர் என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேள்வி. பதினெட்டால் பெருக்கு, ஐந்தால் வகு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். முப்பத்தாறு வந்தது. "பத்தும் முப்பத்தாறும் எப்படிடி ஒண்ணாகும்?" என்று கேட்டேன். "ஒரே வேகம்தாம்மா. அளக்கிற விதம்தான் வேற" என்றாள். கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "பதினாறுக்குப் போடு" என்றேன். போட்டாள். ஐம்பத்தேழு புள்ளி ஆறு.

அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டதே. ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய் இருக்குமே, அப்படி இருந்தது.

இன்று காலை கட்டுமானக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவரைப் போய்ப் பார்த்தேன். அந்த மீட்டர் எப்போதும் கிலோமீட்டரில்தான் காட்டும் என்றார். சம்பவத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் லேப்பிலிருந்து திரும்பி வந்ததாம். எந்த லேப் என்று கேட்டேன். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க தம்பி லேப்தான். உங்க வீட்டுக்காரர்தானே பிடிவாதமா, மச்சான் இருக்கற இடத்துக்குத்தான் அனுப்பணும்னாரு" என்றார்.

அவர் எதிரில் நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது.

போன கடிதத்தில் எனக்கு வேகம், திசைவேகம் என்று பாடம் நடத்தினாய். உன் கடிதத்தில் வேகம் நிறைய இருக்கிறது, நீ எந்தப் பக்கம் ஓடுகிறாய் என்பது மட்டும் இல்லை. இந்தத் தடவை மென்று முழுங்காமல் எழுது. அந்த மீட்டரை யார் பார்த்தது?

அக்கா

மார்ச் 7

அக்கா,

நான்தான்.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் தாளை அப்படியே வைத்திருந்தேன்.

எங்கள் லேப்பில் ஒரு காற்றுக் குழாய் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு இருக்கும். ஒரு முனையில் விசிறி. நடுவில் மீட்டரை வைத்துக் காற்றை விட்டு, எங்கள் எண்ணும் அதன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். குழாயின் கணக்கு நொடிக்கு மீட்டரில் இருப்பதால், வருகிற மீட்டரையும் அதே அலகுக்கு மாற்றிக்கொள்வோம். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் மாறும். வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தி, வாடிக்கையாளர் வைத்திருந்த அலகுக்கே கொண்டுவந்து அனுப்ப வேண்டும். நான் அழுத்தவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. வியாழக்கிழமை ஒரே நாளில் பதினோரு மீட்டர். அதில் மாமாவுடையதை முதலில் முடிக்க வேண்டும் என்று நானாகத்தான் முன்னால் எடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. திரையின் கீழ் மூலையில் எந்த அலகு என்று சின்னதாகக் காட்டும். சரிபார்த்தாயிற்று என்பதற்கு ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவோம். தேதி போட்டு, என் முதலெழுத்துப் போட்டு. அந்த மீட்டரின் உடம்பெல்லாம் சொரசொரப்பு, ஸ்டிக்கர் நிற்காது. வழவழப்பாக இருந்தது திரைக் கண்ணாடி மட்டும்தான். எண்ணை மறைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கீழ் மூலையில் ஒட்டினேன். எண்ணை மறைக்கவில்லை. அலகை மறைத்தேன்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. அலாரம் ஐம்பதில் இருந்தது. அலகு மாறினால் அதுவும் நொடிக்கு ஐம்பது மீட்டர் ஆகிவிடும். அது அடிக்கிற அளவுக்குக் காற்று வந்தால் கிரேனே நிற்காது. உள்நினைவு மட்டும் எப்போதும் கிலோமீட்டரில்தான் பதியும்.

உன் முதல் கடிதத்தில் பதினாறு என்பதைப் படித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கணக்குப் போடத் தாள் தேவையில்லை. தெரிந்துதான் வெப்பநிலை என்று எழுதினேன். கையெழுத்துப் போடட்டும் என்றும் தெரிந்துதான் எழுதினேன்.

தினமும் வேலைக்குப் போகிறேன். விசிறியைப் போடுகிறேன், எண்ணைக் குறிக்கிறேன், ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். ஏதாவது பிசகும் என்று நினைத்தேன். பிசகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. சம்பவத்துக்குப் பிறகு அதிகாரிகள் மீட்டரை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. அலகு மணிக்குக் கிலோமீட்டர், சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் காணவில்லை என்றும் ஒரு வரி. அப்படியானால் நான் மாற்றித்தான் அனுப்பினேனோ என்று அரைநாள் நம்பிப் பார்த்தேன். பதினாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு அன்று அவர் போட்டிருந்த சட்டையைத் தேடினேன். எல்லாவற்றையும் மூன்று நான்கு தடவை துவைத்தேனே, அதை மட்டும் தொடவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. பையில் கைவிட்டேன். மடங்கி ஒட்டிக்கொண்ட ஒரு வட்டக் காகிதம். பிரித்தால் உன் எழுத்து. பள்ளிக்கூடத்திலிருந்து நீ போடுகிற அதே வளைந்த முதலெழுத்து.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அவர் பார்த்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"உங்க பொண்ணு கணக்குப் போட்டா" என்றேன்.

அப்புறம் ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினார். பலகை அடித்ததும் கீழே கூச்சல். கொக்கியை நிறுத்தி, பலகையைப் பத்திரமாக இறக்கி வைக்க ஆறு ஏழு நிமிடம் ஆனதாம். இறக்கிவிட்டு மீட்டரைப் பார்த்திருக்கிறார். அப்போதும் பதினைந்து, பதினாறு. ஏதோ தோன்றி ஸ்டிக்கரை நகத்தால் உரித்திருக்கிறார். மூலையில் வேறு அலகு. "அப்பவே புரிஞ்சிருச்சு" என்றார். உடனே இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி மாற்றிவிட்டு, ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியில் இறங்கி வந்திருக்கிறார். கீழே விசில் கிடக்கிறார். அதற்கு முன்னால் மேலே இருந்தபடி உன்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

பொத்தான் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. போன வருடம் நம் வீட்டில் உட்கார்ந்து நீதானே சொல்லிக்கொடுத்தாய், பெரிய வித்தை மாதிரி.

"அவனுக்கு இன்னும் முப்பது வருஷம் வேலை இருக்கு. எனக்கு அம்பத்திரெண்டு. இதுக்கு மேல ஏணி ஏற முட்டி விடாது. ஒரு கையெழுத்துதானே" என்றார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னார்.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாய். என்னைக் கேட்காதே. நீயும் என் ஆள், அவரும் என் ஆள். எந்தக் கையை வெட்ட என்று என்னிடம் கேட்கிறாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்று விசிலின் மனைவி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "ஒன்பது வருஷம் அவர் இவரை நம்பித்தான் கீழ நின்னாரு. உங்க வீட்டுக்காரர் அந்த மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கலையாமே, நெசமா?" என்று கேட்டார். உன் மாமா உள்ளே இருந்தார். அவர் காதில் விழுந்தது. வெளியே வரவில்லை. என்னிடம் பதில் இருந்தது. டம்ளரை வாங்கி உள்ளே வைத்தேன்.

வருகிற வியாழக்கிழமை பத்து மணி. இடம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அக்கா

மார்ச் 15

அக்கா,

கடிதம் கிடைத்தது. மாமா செய்ததைப் படித்துவிட்டு லேப்பில் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன். குடித்தேன்.

அன்றைக்கு நான் வேலை எழுதிய பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "அலகு திரும்ப மாற்றப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற பத்து மீட்டருக்கும் டிக் இருக்கிறது. ஒன்றுக்கு இல்லை. இப்போது டிக் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. பேனாவும் அதே பேனாதான்.

போடவில்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

வியாழக்கிழமை அங்கே நடந்ததை மாமா உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எவ்வளவு சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் போனபோது தாள் மேஜை மேல் இருந்தது. மாமா பேனாவைத் திறந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்குடா வந்தே? போ" என்றார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. நான் பதிவேட்டு நகலை அதிகாரி முன்னால் வைத்தேன். அவர் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் நேராகப் பதில் சொன்னேன், தலையைச் சுற்றி மூக்கைத் தொடவில்லை. அப்புறம் மாமாவிடம் திரும்பி, பொத்தானை யார் அழுத்தியது என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். "நான்தாங்க" என்றார். கையெழுத்து ஆகாத தாளை அதிகாரி ஒரு கோட்டால் அடித்துக் கோப்புக்குள் வைத்தார். அலகை மாற்றி மறைத்ததற்கு மாமா தனியாக விளக்கம் எழுதித் தர வேண்டும். சாவுக்கான பொறுப்பு இனி என் பெயரிலும் லேப்பின் பெயரிலும் வரும். வெள்ளிக்கிழமை லேப்பில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு எப்போது என்று தெரியாது. அறையில்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

வெளியே பெஞ்சில் விசிலின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் நின்று, மாமா மீட்டரைப் பார்த்தார், ஐம்பத்தேழை அது வேறு அலகில் பதினாறு என்று காட்டியது, அப்படி அனுப்பியவன் நான் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பதினாறு பெரிசா, அம்பத்தேழு பெரிசா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே காத்துதாங்க" என்றேன்.

"சரி" என்றார். அவர் அடிப்பார் என்று நினைத்துத்தான் அவ்வளவு பக்கத்தில் போய் நின்றிருந்தேன்.

பிறகு மாமாவும் நானும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நான்தான் வாயைத் திறந்தேன். இனி உங்கள் மேல் தப்பு இல்லை மாமா, எழுத்திலேயே வந்துவிட்டது, நிம்மதியாக இருங்கள் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். மாமா நின்றார்.

"அன்னைக்குக் காத்து அம்பத்தஞ்சு இருக்கும்டா. எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இருபத்தோரு வருஷம் மேல உக்கார்ந்திருக்கேன். கூண்டு ஆடறதுலயே சொல்லிடுவேன். அம்பத்தஞ்சுன்னு பட்டுச்சு. பலகையை இறக்கிடலாம்னு லீவர்ல கையைக்கூட வெச்சேன். மீட்டரைப் பார்த்தா பதினாறு."

"இறக்கியிருக்கலாமே மாமா" என்றேன். அப்படி நான் கேட்டிருக்கக் கூடாது.

"நீ பார்த்து அனுப்பின மீட்டராச்சே. எனக்குத்தான் வயசாயிடுச்சு போலன்னு நெனச்சுத் தூக்கிட்டேன்" என்றார்.

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் கீழேயே நின்றேன். இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார் அக்கா. சொன்னால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய் என்று அவருக்கு ஒரு எண்ணம். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள் நீ, உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

உன் தம்பி